மரக்குற்றியில் வைத்த சோறு

கனடாவில், ஸ்காபரோக் காகங்களுக்குச் சோறு தேவையில்லை. மல்வேர்னில் எங்கள் வீட்டின் பின்பக்கம் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டாலும், கம்பியில் இருந்தபடி ஒரு பார்வை பார்த்துவிட்டு பிளாஸாவின் குப்பைத் தொட்டிப் பக்கம் பறந்துவிடும். வருவது அணிலும் எலியும்தான். எலி வருகிறதென்று பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்த பிறகு, அப்பாவின் ஆடி அமாவாசைப் படையலை மேசையில் வைத்து எடுத்து, பின்னர் பச்சைக் குப்பைவாளியில் போட்டேன். சில வருடங்கள் அப்படியே போயின. ஊரிலிருந்து வாசிக்கும் உங்களுக்கு இது ஒரு கவலையா என்றிருக்கும். காகம் தொடாத விரதச் சோற்றை விழுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மைத்துனரும் நானும் சேர்ந்து வடக்கே மூன்று மணிநேர ஓட்டத்தில் ஒரு கொட்டேஜும் காடு பிடித்த காணியும் வாங்கினோம். மீன் பிடிக்க என்று எல்லாருக்கும் சொன்னோம். என் மனதுக்குள் அந்தச் சோறும் இருந்தது. போன ஆடி அமாவாசைக்கு என் மனைவி சாந்தி காத்தோட்டிக்காய்க் கறி, உளுந்து வடை, பாயசம் என்று ஒன்றும் குறையாமல் சமைத்தாள். வாழையிலையில் வைத்து, காணியின் பின்னாலிருந்த மரக்குற்றியில் கொண்டுபோய் வைத்துக் கூப்பிட்டேன். காகம் வரவில்லை. பின்னேரம் போய்ப் பார்த்தால் சோறுமில்லை, இலையுமில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியாது. அதன் பிறகு சனிக்கிழமை விரதத்துக்கும் தவறாமல் வைத்தேன். மூன்றாவது சனிக்கிழமை யன்னலால் பார்த்தபோது ஒரு கறுப்புக் கரடி குற்றிக்கு முன்னால் குந்தியிருந்தது. முதலில் வடையை எடுத்தது. அப்பாவும் முதலில் வடையைத்தான் எடுப்பார். சாந்தியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை இரண்டு வடை கூடுதலாக வைத்தேன்.

பக்கத்துக் காணிக்காரர் டேவ், எழுபது வயது இருக்கும். செப்டெம்பர் தொடக்கத்து லேபர் டே விடுமுறைக்கு அவருடைய பேரப்பிள்ளைகள் இருவரும் வந்திருந்தார்கள். அவர்கள் காலைச் சாப்பாட்டில் இருந்தபோது கரடி வந்து கதவைத் தள்ளியிருக்கிறது. வேலிக்கரையில் என்னைக் கண்டு அதைச் சொன்னார். யாரோ ஒரு முட்டாள் அதற்குச் சாப்பாடு வைக்கிறான், ருசி கண்டுவிட்டது, இனிப் போகாது என்றார். நீங்கள் ஏதும் வெளியில் போடுவதுண்டா என்றும் கேட்டார். குப்பை முழுவதையும் காரில் ஏற்றி ஸ்காபரோவுக்கே கொண்டுபோகிறோம் என்றேன். அது உண்மைதான். அப்பாவுக்குப் படைத்தது எப்படிக் குப்பையாகும் என்று உள்ளுக்குள் ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

டேவ் ஒரு கடதாசியை நீட்டினார். வேட்டைக்காலம் தொடங்கிவிட்டது, தன்னிடம் லைசன்ஸ் இருக்கிறது, எல்லாம் சட்டப்படிதான். ஆனால் கரடி நடமாடுவது என் காணியில், அதனால் என் கையெழுத்து வேண்டும் என்றார். "உங்கள் காணி, உங்கள் விருப்பம்" என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

ஊரில் எங்கள் வளவுக்குள் ஆமி காவலரண் போட்டபோது அப்பாவிடம் யாரும் கடதாசி நீட்டவில்லை. மதிலை இடித்துக்கொண்டு வந்தார்கள். அப்பா படலையடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய மகனிடம், துவக்கு வைத்திருக்கும் ஒரு மனிதர் அனுமதி கேட்கிறார். எனக்குத் தலை வீங்கிவிட்டது. "நோ ப்ரொப்ளம்" என்று கையெழுத்துப் போட்டேன். அந்த முட்டாள் நான்தான், இனி வைக்கமாட்டேன், கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னாலும் கரடி போயிருக்குமோ தெரியாது. ஆனால் டேவுக்கு முன்னால் மரியாதை போய்விடுமே என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் போய் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் சுட்டாராம். கரடி குற்றியடியில் வந்து எதையோ பார்த்துக்கொண்டு நின்றது, ஓடவேயில்லை என்றார். சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அது முந்திக்கொண்டு வந்திருக்கிறது. காணிக்காரரின் பங்கு என்று, வெள்ளைத் தாளில் சுற்றிய, உறைந்த பார்சல் ஒன்றைத் தந்தார். இரண்டு கையாலும் வாங்கி நன்றி சொன்னேன்.

டேவ் போனதும் சாந்தி இலையோடு வாசலுக்கு வந்தாள். பார்சல் என்னவென்று கேட்டாள். மான் இறைச்சி என்றேன்.

"சனிக்கிழமையிலையோ? உந்த இறைச்சியை வீட்டுக்குள்ள கொண்டு வராதேங்கோ" என்று இலையை மற்றக் கையில் தந்தாள். "முதல்ல போய்ச் சோத்தை வையுங்கோ."

குற்றியடிக்குப் போனேன். டேவ் கரடியை அந்த இடத்திலேயே கீறித் துப்புரவாக்கிவிட்டுக் குடலை விட்டுப் போயிருந்தார். அதைச் சுற்றிக் காகங்கள். பத்து, இருபது இருக்கும். கிளைகளிலிருந்தும் இறங்கிக்கொண்டிருந்தன. இத்தனை வருடமும் நான் கூப்பிட்டு வராத காகங்கள்.

சத்தம் கேட்டு சாந்தி வாசலில் நின்றே கூப்பிட்டாள். அங்கிருந்து அவளுக்குக் காகங்கள் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்குக் கூப்பிடாமலே வந்திட்டுதுகள். மாமா வந்திட்டார்."

அவளுடைய குரல் சந்தோஷத்தில் உடைந்திருந்தது. என் ஒரு கையில் அவள் தந்த இலை, மற்றக் கையில் டேவ் தந்த பார்சல். குற்றியில் இரத்தம் காய்ந்திருந்தது. எதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றபடி, "ஓம்" என்றேன்.