விழாத தட்டு

என் மாமா என்னை ஏமாற்றினார். இதைச் சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அவர் இன்றும் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் நலமாக இருக்கிறார், என் பிறந்தநாளுக்குத் தவறாமல் போன் செய்கிறார், கோயிலில் கண்டால் என் பிள்ளையைத் தோளில் தூக்கிவைத்துக்கொள்கிறார். அதெல்லாம் சரிதான். ஆனால் எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் செய்தது அநியாயம்.

மாமா அம்மாவின் தம்பி. சுவிஸில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு மாமியுடன் லண்டனுக்கு வந்து எங்கள் வீட்டு மேல்மாடியில் குடியிருந்தார். வெம்பிளிக் கடைகளுக்கு இரும்புக் கதவும் ஷட்டரும் அடித்துப் பொருத்துவது அவர் தொழில். சுவிஸில் இருந்தபோது ஒரு கழகத்தில் சேர்ந்து கைத்துப்பாக்கியால் இலக்குச் சுடும் போட்டிகளுக்குப் போய்ப் பழகியிருந்தார். இந்த நாட்டில் அதற்குத் தடை. அதனால் இங்கே சிலர் காற்றழுத்தத்தில் பிளாஸ்ரிக் உருண்டை எறியும் துப்பாக்கியை வைத்து அதே போட்டியை அதே விதிகளோடு நடத்துகிறார்கள். ஹரோவுக்கு அப்பால், கம்பளம் விற்கும் இடத்துக்குப் பின்னால், ஒரு பழைய களஞ்சியத்தில் அவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் கூடுவார்கள். மாமா அங்கே சேர்ந்து ஒரு வருடத்தில் நடுவராகிவிட்டார். ஒருமுறை தன் கால் கோட்டைத் தாண்டியதை ஒருவரும் காணாதபோதும் தானே போய்ச் சொல்லித் தன் புள்ளியை வெட்டுவித்தவர் அவர். அதற்குப் பிறகு அவர் சொன்னால் அங்கே மறுபேச்சு இல்லை.

நான் ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனேன். போனவள் திரும்பவில்லை என்றுதான் சொல்லவேண்டும். அந்த இடத்தின் கரிய ரப்பர் வாசனையும், மணி அடித்ததும் ஓடிப்போய்ச் சுடுகிற அவசரமும் எனக்குப் பிடித்துவிட்டன. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த ஆக்கள் நாங்கள். நீ காசு குடுத்துத் துவக்குப் பழகப் போறியோ?"

அது விளையாட்டுத் துப்பாக்கி என்று சொன்னேன். விளையாட்டு என்றால் பள்ளிக்கூடத்தில் பந்து எறிந்து நெற்போல் விளையாடு என்றார். கடைசியில் மாமா நடுவே வந்து ஒரு உடன்பாடு செய்தார். ஐப்பசி மாதப் போட்டியில் சிறுவர் பிரிவில் ஒரு பதக்கம் எடுத்தால் தொடரலாம். எடுக்காவிட்டால் ஞாயிறு காலை கணிதத் தியூசன். பிரிவில் நாங்கள் இருந்ததே நாலு பேர். பதக்கம் மூன்று. நான் மனதுக்குள் பதக்கத்தைச் சுவரில் தொங்கவிட்டுவிட்டேன்.

அந்தப் போட்டிக்கென்று மாமா ஒரு சக்கரம் செய்தார். நடுவில் ஒரு அச்சு, அதிலிருந்து ஐந்து கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு பிளவு. அந்தப் பிளவில் சின்ன இரும்புத் தட்டின் வால் தளர்வாகச் செருகியிருக்கும். உருண்டை பட்டால் தட்டுக் கழன்று கீழே விழும். ஐந்தும் இருக்கும்வரை சக்கரம் நல்ல பிள்ளையாக அசையாமல் நிற்கும். ஒன்று விழுந்ததும் எடை சரிந்து சுழலத் தொடங்கிவிடும். இன்னொன்று விழுந்தால் எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. விதி ஒன்றுதான்: விழுந்தால் கணக்கு, விழாவிட்டால் கணக்கில்லை. நான் வீட்டுப் பின்வளவு ஷெட்டில் அந்தச் சக்கரத்தோடு ஒரு கோடை விடுமுறை முழுக்கப் போராடினேன். தட்டைத் துரத்தக் கூடாது, அது வரும் இடத்தில் காத்திருக்கவேண்டும் என்று நானே கண்டுபிடித்தேன். கடைசி வாரத்தில் ஐந்தையும் ஆறு வினாடியில் விழுத்தினேன்.

போட்டிக்கு முதல்நாள் சரஸ்வதி பூசை. அம்மா என் புத்தகங்களையும் அப்பாவின் மடிக்கணினியையும் மாமாவின் வெல்டிங் கண்ணாடியையும் சாமிப் படங்களின் முன் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மாமி வாசல்நிலையோடு ஒட்டி நின்றார். அவரை ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை. அது எனக்கு வித்தியாசமாகவும் படவில்லை. எங்கள் வீட்டில் மாமி சமைப்பார், துடைப்பார், என் தலையை இழுத்துப் பின்னிவிடுவார், ஆனால் விளக்கேற்றுவது அம்மா, முதல் பொட்டு வைப்பது அம்மா. மாமிக்குக் கை ராசியில்லை என்று பெரியவர்கள் தணிந்த குரலில் சொல்வார்கள். அவருக்குப் பிள்ளை இல்லை. அந்த இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நான் யோசித்ததில்லை.

மறுநாள் காலை மாமியும் சட்டை மாற்றிக்கொண்டு காருக்குக் கிட்ட வந்தார். "நல்ல காரியத்துக்குப் போறம், நீங்கள் வீட்டில நில்லுங்கோ மச்சாள்" என்றார் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாமி திரும்பிப் போய் எங்களுக்கு ஒரு பெட்டி மரக்கறி ரோல்ஸ் கொண்டுவந்து தந்தார். மாமா சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சக்கரத்தில் முதலில் சுடும் முறை எனக்கு வந்தது; அதுவரை அதில் ஒருவரும் சுட்டிருக்கவில்லை. மணி அடித்தது. மேல் தட்டு விழுந்தது. சக்கரம் வலப்பக்கம் சரிந்தது, நான் காத்திருந்தேன், இரண்டாவது விழுந்தது. மூன்று. நான்கு. ஐந்தாவது தனியாக மேலும் கீழும் ஊஞ்சலாடியது. அது மேலே போய் மூச்சு வாங்குகிற இடத்தில் சுட்டேன். 'டிங்' என்றது. விழவில்லை. மறுபடி சுட்டேன். டிங். மூன்றாம் தரம். டிங். களஞ்சியம் முழுவதற்கும் கேட்டது. தட்டுக் கழலாமல் ஒட்டிக்கொண்டு நின்றது.

இதற்கும் விதி இருக்கிறது. பட்டும் விழாத தட்டை அப்படியே விட்டுவிட்டு முறையிடலாம். தலைமை நடுவர் வந்து, நான் நின்ற இடத்திலேயே நின்று, வேகம் அளந்து வைத்த துப்பாக்கியால் அதே தட்டைச் சுடுவார். அவருக்கும் விழாவிட்டால் குற்றம் தட்டினுடையது. எனக்கு முழுவதும் திரும்பச் சுடக் கிடைக்கும். அவருக்கு விழுந்தால் குற்றம் என்னுடையது. அதுவரை ஒருவரும் தட்டைத் தொடக்கூடாது. நான் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன். பயமே இருக்கவில்லை. மூன்று தரம் பட்டதை நாற்பது பேர் கேட்டிருந்தார்கள்.

அந்தச் சக்கரத்துக்கு நடுவர் மாமா. தலைமை நடுவர், வெள்ளைத் தாடி வைத்த உயர்ந்த மனிதர், மறுகோடியில் இருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். மாமா சக்கரத்தின் ஆட்டத்தை நிறுத்துவதற்கென்று முன்னால் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். ஒரு நொடி அசையாமல் நின்றார். பிறகு அவருடைய முழங்கை அசைந்தது. அவர் பெருவிரல் நகத்தால் தட்டின் அடியைச் சுரண்டுவதை நான் கண்டேன். என் இரண்டு கண்ணாலும் கண்டேன்.

தலைமை நடுவர் வந்து சுட்டார். டிங் என்றது. தட்டு விழுந்தது.

"மாமா தட்டில கை வைச்சவர்!" என்று கத்தினேன். பிறகு அதையே ஆங்கிலத்திலும் கத்தினேன். தாடிக்காரர் மாமாவைப் பார்த்து, தட்டைத் தொட்டீர்களா என்று கேட்டார். மாமாவின் முகம் கறுத்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் மடிப்புக் கதிரையில் இருந்த அம்மாவைப் பார்த்தார். "இல்லை, சக்கரத்தை மட்டும்தான் பிடித்தேன்" என்றார். அவர் சொன்னால் மறுபேச்சு இல்லைத்தானே. அம்மா எழும்பி வந்து என் மேற்கையில் நகம் பதிய ஒரு நுள்ளு நுள்ளினார், மானம் போகிறதாம். நாலு பேரில் நான் நாலாவது.

வீடு திரும்பும்போது காரில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மாமாவின் பெருவிரல் நகத்துக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. தட்டுக்கு அடித்த பெயின்ற் என்று நினைத்தேன். பெயின்ற் வெள்ளை நிறம் என்பதை யோசிக்கக்கூட என் ஆத்திரம் விடவில்லை.

வாசலில் மாமி ஓடி வந்தார். "ஐஞ்சும் விழுந்ததோ?"

நான் அவரை இடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவை அடித்துச் சாத்தினேன். "நாலு விழுந்தது. நீ தேத்தண்ணி போடு" என்று மாமா சொன்னது கேட்டது.

அடுத்த ஞாயிறு நான் பின்ன எண்களோடு மாரடித்தேன். மாமாவும் கழகத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. நடுவர் சட்டையைத் தோய்த்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். சக்கரம் ஷெட்டுக்குப் பின்னால் மழையில் கிடந்து துருப்பிடித்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு வருடம் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அவர் ஒருநாளும் காரணம் கேட்கவில்லை.

போன வருடம் சரஸ்வதி பூசை என் வீட்டில். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, கதிரையில் இருந்தார். நான் யோசிக்காமல் சந்தனக் கிண்ணத்தை மாமியிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"உனக்கு ஒண்டு சொல்லட்டோ பிள்ளை. நீ போட்டிக்குப் போக முதல்நாள் உன்ர சக்கரத்துக்கு நான் சந்தனப் பொட்டு வைச்சனான். ஒருத்தருக்கும் தெரியாமல். முன்பக்கம் வைச்சால் வெள்ளைக்காரர் சிரிப்பினம் எண்டு, தட்டைக் கழட்டி அடி வாலில அப்பிப்போட்டு, ஒரு பூவிதழும் ஒட்டித் திரும்பச் செருகினனான்."

எதிரே சோபாவில் இருந்த மாமா தலையைத் தூக்கவில்லை.

"ஒரு தட்டுக்குத்தான் வைச்சன். அதுக்குள்ள உன்ர அம்மா ஷெட்டடிக்கு வந்திட்டா, விட்டிட்டு ஓடியிட்டன். ஐஞ்சுக்கும் வைச்சிருந்தால் ஐஞ்சும் விழுந்திருக்கும். எனக்கு இப்பவும் அது மனவருத்தம்தான்."

பன்னிரண்டு வயதில் எனக்கு விதிகள் எல்லாம் மனப்பாடம். மாமா அந்தத் தட்டின் அடியில் குனிந்தபோது எதைக் கண்டார் என்பதும், அது எல்லோருக்கும் முன்னால் வெளியே வந்திருந்தால் அம்மாவின் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்பதும், அந்தச் சொல் எங்கள் வீட்டு மேல்மாடியில் எத்தனை வருடம் குடியிருந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. ஒரு நொடியில் அவர் ஒருவரைக் காப்பாற்றவேண்டியிருந்தது, இரண்டு பேர் இருந்தோம். அவர் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. என் பதக்கம் போனது போனதுதான். அந்த விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம்தான், அதை அவரிடம் ஒருநாள் சொல்லியும் விடுவேன்.

அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. சந்தனக் கிண்ணத்தை மாமியின் கையில் வைத்துவிட்டு, என் மடிக்கணினியை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் பொட்டை எங்கே வைப்பது என்று கேட்டார்.

"நடுவில, எல்லாருக்கும் தெரியிற மாதிரி வையுங்கோ மாமி" என்றேன். கதிரையிலிருந்த அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.