ஈரப்பெட்டிக்குள் போகாத ஐம்பது விதைகள்

மைனஸ் இருபது டிகிரி. பதினோரு ஆண்டுகளாக நாளுக்கு நான்கைந்து முறை அவள் போய்வரும் அறையின் குளிர் அது. அந்த மர விதை வங்கியில் எல்லோருக்கும் அவள் ‘மைனஸ் அக்கா’. சொந்தப் பெயர் வாசல் காவலாளிக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

வேலையைச் சொல்வது எளிது. காட்டிலிருந்து வரும் விதைகளை முதலில் உலர் அறையில் பரப்ப வேண்டும். அங்கே காற்றில் ஈரம் மருந்துக்கும் கிடையாது. அரை மணி நேரம் நின்றால் உதடு வெடிக்கும். விதைகள் நன்றாகக் காய்ந்த பிறகு, அலுமினியத் தாள் பைகளில் காற்றுப் புகாமல் ஒட்டி அந்த மைனஸ் இருபது உறை அறையில் அடுக்க வேண்டும். ஈரத்தோடு உள்ளே போகும் விதை உறைந்து செத்துப்போகும். காய்ந்து உள்ளே போனது பல பத்தாண்டுகள் தூங்கும். தூங்குகிறதா, போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பத்தாண்டுக்கு ஒரு முறை சிலவற்றை எடுத்து முளைக்கவைத்துப் பார்ப்பார்கள்.

“என்னையும் ஒரு பையில போட்டு ஒட்டிடேன், கெடாம இருப்பேன்” என்பார் பஸ் ஓட்டும் அவள் கணவர்.

“உங்கள மொதல்ல காயவைக்கணும். இந்த வாய் காயறதுக்கே ரெண்டு வருஷம் ஆகும்.”

இந்த முறை சோதனைக்கு வந்த பைகளில் ஒன்று, கல்குவாரி ஓரம் தனியாக நின்ற ஒரு மரத்தின் விதைகள். அந்த வகையில் இன்னொரு மரத்தை யாரும் பார்த்ததில்லை. குவாரி விரிந்தபோது, ஆறு ஆண்டுகளுக்கு முன், அதுவும் போனது. மிஞ்சியது பையில் இருந்த நானூற்று முப்பது விதைகள். அவற்றில் ஐம்பதை அவள் எடுத்து ஈரத்தாளில் வைத்தாள். ஆறு வாரத்தில் ஐம்பதும் பூஞ்சை பிடித்துக் கிடந்தன.

“பூஜ்யம்” என்றார் சோதனைப் பிரிவு அதிகாரி. அவளைவிடப் பத்து வயது இளைய பெண். “என்னக்கா பண்றது? வெள்ளிக்கிழமை கழிவுப் பட்டியல்ல சேர்த்துடலாம். அப்புறம், உறை அறைப் பொறுப்பாளர் பதவிக்கு உங்க பேரத்தான் எழுதியிருக்கேன். அதுவும் வெள்ளிக்கிழமைதான் போகுது.”

சந்தோஷமாகத்தான் திரும்பினாள். தட்டுகளைக் கழுவும் முன் ஒரு விதையை பிளேடால் பிளந்து பார்த்தது வெறும் பழக்கதோஷம். வயதாகிச் செத்த விதை உள்ளே சீராகப் பழுப்பேறிக் குழைந்திருக்கும். இதில் இரண்டு பருப்பிலும் குறுக்கே வெடிப்பு. இன்னொன்றைப் பிளந்தாள். அதிலும் வெடிப்பு. ஐந்தாவதோடு பிளேடைக் கீழே வைத்துவிட்டாள்.

அவ்வளவு காய்ந்த விதைக்கு எடுத்த எடுப்பில் தண்ணீர் காட்டக் கூடாது. தாகத்தில் மடமடவென்று குடித்து உள்ளே வெடித்துவிடும். அதனால்தான் தோலை நகவெட்டியால் ஓரத்தில் கொஞ்சம் கிள்ளிவிட்டு, ஒரு நாள் ஈரப்பெட்டியில் வைப்பார்கள். பெட்டியின் அடியில் தண்ணீர், மேலே வலை, வலையின்மேல் விதை. தண்ணீர் தொடாது, ஈரக்காற்று மட்டும் படும்.

இந்த ஐம்பதையும் எடுத்த அன்றைக்கு இரண்டு பேர் விடுப்பு. மதியத்துக்குள் பதினான்கு பை முடிக்க வேண்டியிருந்தது. ஈரப்பெட்டியில் வேறு விதைகள் இருந்தன, காலியானதும் வைக்கலாம் என்று நினைத்தது நினைவிருந்தது. வைத்தது நினைவில்லை. அந்தச் சோதனையின் படிவத்தைத் தேடி எடுத்தாள். ‘ஈரப்பெட்டி’ என்ற கட்டத்தில் அவள் கையெழுத்தோடு அழகாக ஒரு டிக்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள்.

“யாருக்குத் தெரியப் போகுது?” என்றார் அவர். “விதைக்குத் தெரியும்னு டயலாக் விடாத.”

“டயலாக்கெல்லாம் இல்ல. மிச்சம் இருக்கறது உயிரோட இருக்கலாம். அதக் குப்பையில கொட்டப் போறாங்க.”

“பதவி?”

“போனா வலிக்கும்.”

“சரி, சாப்பிட்டுட்டு யோசி.”

“யோசிச்சாச்சு. சாப்பாடுதான் இறங்கல.”

மறுநாள் காலை, பிளந்த விதைகளை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு அதிகாரியின் மேசைக்குப் போனாள்.

“மேடம், இதுங்க பைக்குள்ள சாகல. நான்தான் கொன்னேன்.”

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். “டிக் போட்டிருக்கீங்களே.”

“கை போட்டுடுச்சு மேடம். பழக்கம்.”

“கையத் தனியாக் கூப்பிட்டு விசாரிக்க முடியாதுக்கா.”

அவர் சிரிக்கவில்லை. ஐந்து விதைகளையும் லென்ஸுக்கு அடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெகுநேரம் ஆனது.

“நடந்தத எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இந்தக் காகிதத்த வெச்சுக்கிட்டு உங்க பேர என்னால இந்தத் தடவை அனுப்ப முடியாது. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“மறுபடி ஐம்பதும் தர முடியாது. இருபதுதான்.”

“இருபது போதும். யார் வைக்கறது?”

“நீங்கதான். நான் பக்கத்துல உட்கார்ந்து பார்ப்பேன். டிக்க நான் போடறேன்.”

வெள்ளிக்கிழமை கழிவுப் பட்டியலில் பை சேர்க்கப்படவில்லை. பொறுப்பாளர் பதவிக்கு வேறொருவர் பெயர் போனது. முந்நூற்று அறுபது விதைகளோடு பை மறுபடி ஒட்டப்பட்டு அதே அடுக்குக்குத் திரும்பும். எடுத்த இருபதும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஈரப்பெட்டிக்குள் போகின்றன. செவ்வாய்க்கிழமை ஈரத்தாளுக்கு மாறும். முளைத்ததா இல்லையா என்பது ஆறு வாரம் கழித்துத் தெரியும்.