டயருக்குள் ஒரு தோல் துண்டு

எங்கள் ஷூ கம்பெனியில் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ரேஸ் வைப்பார்கள். பேரணாம்பட்டுப் பக்கத்து மலைப்பாதையில் ஏறி, மறுபக்கம் இறங்கி, ஏரிக்கரையில் முடியும். ஜோடியாக ஓட்ட வேண்டும். இரண்டு சைக்கிளும் சேர்ந்து வந்தால்தான் கணக்கு. நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு வருஷம் பாதியில் பஞ்சராகித் தள்ளிக்கொண்டு வந்தவர்கள். இந்தத் தடவையும் அப்படி வந்தால் கேன்டீனில் தலைகாட்ட முடியாது. அதனால் ஒரு பை கட்டினேன்: டயர் லீவர் இரண்டு, பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், ஸ்பேனர், கைப்பம்பு, கட்டிங் செக்ஷனில் கழித்துப் போட்ட தோல் துண்டுகள்.

"இன்னா, பஞ்சர் கடையையே தூக்கினு வர்றியா?" என்றார் அவர்.

இறக்கத்தில் ஒரு கூரான கல் அவருடைய பின் டயரைப் பக்கவாட்டில் கிழித்தது. விரல் நுழைகிற கிழிசல். அவர் முகம் தொங்கிவிட்டது. எனக்கோ, பையைத் திறக்கப் போகிறோம் என்று ஒரே குஷி.

ட்யூபுக்கு நான் பேட்ச் போட்டேன். கிழிசலுக்கு உள்ளிருந்து தோலை ஒட்டுவது அவர் பொறுப்பு. அவருக்குத் தோலைத் தரம் பிரிக்கிற வேலை. தோலின் வழவழப்பான மேல்பக்கத்தை முகம் என்பார்கள்; பதினைந்து வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவர். கைப்பழக்கத்தில் அந்த முகத்தையே வெளியே பார்க்க வைத்து ஒட்டிவிட்டார். கிழிசல் வழியாகப் பளபளவென்று தெரிந்தது. அதில் பெருமை வேறு.

அரைக் கிலோமீட்டர் தாண்டவில்லை. பாலிஷ் முகத்தில் சொல்யூஷன் பிடிக்காமல் துண்டு நழுவி, ட்யூப் எலுமிச்சம்பழம்போல வெளியே பிதுங்கியது. வெடிப்பதற்குள் காற்றை இறக்கினேன். இரண்டு ஜோடிகள் எங்களைத் தாண்டிப் போயின.

"திருப்பி ஒட்டுங்க," என்றேன்.

"நல்ல முகத்த உள்ள வெச்சி மறைக்கறதா?"

"டயருக்குள்ள யாரு வந்து பாக்கப் போறாங்க?"

அவருக்கு மனசே வரவில்லை. நானே பிடுங்கி, டயரின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, அங்கேயும் தோலின் சொரசொரப்பான பக்கத்திலும் சொல்யூஷன் தடவினேன். ஒட்டுவதற்கு முன் ஐந்து நிமிஷம் காய வேண்டும். அந்த ஐந்து நிமிஷமும் மனுஷன் குட்டி போட்ட பூனைபோலச் சுற்றிச் சுற்றி வந்தார்.

இந்த முறை பிடித்தது. காற்றைக் கொஞ்சம் கம்மியாக அடித்துக்கொண்டு, பள்ளம் மேடு பார்க்காமல் விட்டோம் பாருங்கள், இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. ஏரிக்கரையில் முடிவுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கத்திக்கொண்டே சேர்ந்து கடந்தோம்.

"கடைசி ஜோடின்னு போட்டுக்கட்டா?" என்றார் நோட்டு வைத்திருந்த கிளார்க்.

"தாராளமா போடுங்க சார்," என்றேன்.

இரண்டு பெயரையும் அவர் முழுசாக எழுதி முடிக்கும் வரை என் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து நகரவேயில்லை.