பஸ்ஸை நிறுத்திய உதடு

போன உள்ளாட்சித் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து விழிஞ்ஞம் போகும் பஸ்ஸில் நடந்தது இது. நான் கரமனைவாசி. விழிஞ்ஞத்தில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற வேலை. தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறவள் என்பதால் பஸ்ஸில் நடக்கிற சண்டை, சமாதானம், தூக்கம் எல்லாமே எனக்கு அத்துப்படி. அன்று பல் டாக்டரைப் பார்த்துவிட்டு மதியம்தான் பஸ் ஏறினேன். ஊசி போட்டதில் பாதி வாய் மரத்துக் கிடந்தது. யாரோடும் பேசக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன்.

ஜன்னலோரத்தில் ஒரு மீன்கார சேச்சி. காலையில் கொண்டுவந்ததெல்லாம் விற்றுவிட்டது போல, காலிப் பாத்திரத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்ததும் வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்தது. இந்த பஸ் துறைமுகத்துக்குப் போகுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கதையே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பிலிப்பைன்ஸ்காரராம். விழிஞ்ஞத்தில் நிற்கும் ஒரு சரக்குக் கப்பலில் வேலை. அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு சாலை பஜாருக்கு வந்து மகளுக்குப் பட்டுப் பாவாடை வாங்கியிருந்தார். சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது. நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் வேலை போய்விடும், அவர் சம்பளத்தை நம்பி ஊரில் இரண்டு வீட்டில் அடுப்பு எரிகிறது என்றார். அதைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வழியெல்லாம் வேட்பாளர்களின் போஸ்டர், ஃப்ளெக்ஸ். இவர்களெல்லாம் சினிமா நடிகர்களா என்று கேட்டார். தேர்தல் என்று குழறலாகச் சொன்னேன். மனிதருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவர் ஊரில் இப்போது மேயராக இருப்பவருக்கு முன்னால் அவருடைய அப்பா மேயராம், அடுத்து மனைவியை நிறுத்தப் போகிறார்களாம். புயல் அடித்து ஊரே கூரையில்லாமல் நின்றபோது வந்த அரிசி மூட்டையிலும் மேயர் முகம். அரிசி நாலு நாளில் தீர்ந்துபோக, சாக்கை அம்மா சமையலறை ஜன்னலுக்குத் திரையாகத் தைத்துவிட்டாராம். "நாங்கள் என்ன சமைக்கிறோம் என்று மேயர் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்றார். மரத்த வாயோடு எப்படிச் சிரிப்பது என்று தெரியாமல் திண்டாடினேன். அப்படியும் அவருக்கு ஏன் ஓட்டுப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக வந்து சவப்பெட்டிக்குப் பணம் கொடுப்பாராம். அட, நம் ஊரிலும் கல்யாணம், சாவு எதையும் விடமாட்டார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

அம்பலத்தறை தாண்டிய பிறகுதான் வினை வந்தது. ஏதோ சொல்ல வந்தவர் திடீரென்று உதட்டைக் குவித்து, முத்தம் கொடுப்பது போல எங்கள் பக்கமாக நீட்டினார். எனக்கே திக்கென்றது. சரியாக அந்த நேரம் பார்த்து சேச்சி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"எந்தா? எனக்கு உம்மா காட்டுறியா? வண்டிய நிறுத்துங்கோ! இவன் எனக்கு உம்மா காட்டினான், கேட்டோ!"

பஸ்ஸே எழுந்து நின்றது. பின்னாலிருந்து நாலைந்து பேர் முன்னால் வந்துவிட்டார்கள். கண்டக்டர் ஒற்றை மணி அடிக்க, டிரைவர் ஓரமாக நிறுத்தினார். நீ காட்டினாயா என்று கண்டக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். இந்த மனிதர் வாயைத் திறந்து பதில் சொல்லக் கூடாதா? புருவத்தை இரண்டு தரம் தூக்கித் தூக்கி இறக்கினார். ஆமாம், அதற்கென்ன என்கிற மாதிரி இருந்தது. ஒருவர் சட்டையைப் பிடித்தேவிட்டார். பஸ்ஸை நேராக ஸ்டேஷனுக்கு விடு என்று ஒரே கூச்சல்.

அவருக்கு அப்போதுதான் விபரீதம் புரிந்திருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது. கழுத்தில் தொங்கிய அனுமதி அட்டையைத் தூக்கிக் காட்டி, கப்பல், கப்பல் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்டேஷனுக்குப் போனால் அன்றைக்குக் கப்பலைப் பிடிப்பது நடக்காத காரியம். என்னதான் காட்டினாய் என்று கண்டக்டர் மறுபடி அதட்டினார். ஒரு கை கம்பியில், ஒரு கை பாவாடைப் பையில். பாவம், அந்த நடுக்கத்திலும் மறுபடி உதட்டைத்தான் குவித்தார். ஆனால் இந்தத் தடவை பஸ்ஸின் பின்பக்கமாக. அவர் கண்ணும் அங்கேதான் போயிற்று. அங்கே ஆள் யாரும் இல்லை, கண்ணாடிக்கு வெளியே நாங்கள் தாண்டி வந்த வெயிட்டிங் ஷெட்தான் தெரிந்தது.

எனக்கு மண்டையில் பொறி தட்டியது. எழுந்துவிட்டேன். மரத்த வாயில் வார்த்தை வழுக்கியது, இருந்தாலும் விடவில்லை. டிரைவர் எங்கே என்று அவரிடம் கேட்டேன். உதடு முன்பக்கம் போயிற்று. உங்கள் பை? உதடு கீழே வந்தது. சூரியன்? குனிந்து ஜன்னல் வழியாக மேலே பார்த்து உதட்டைக் குவித்தார். சட்டையைப் பிடித்திருந்தவரின் கை தானாகத் தளர்ந்தது. அவர்கள் ஊரில் திசை காட்டுவதே இப்படித்தானாம். புருவத்தைத் தூக்கினால் ஆமாம் என்று அர்த்தமாம். வெயிட்டிங் ஷெட்டைக் காட்டினாயா என்று கேட்டதாக நினைத்து நியாயமாகத்தான் ஆமாம் சொல்லியிருக்கிறார்!

முதலில் சிரித்தது சேச்சிதான். பாத்திரத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அடுத்து பஸ்ஸே சிரித்தது. ஆளாளுக்கு உதட்டைக் குவித்து ஜன்னல், கதவு, பக்கத்து சீட்டுக்காரர் என்று காட்டிப் பார்த்தார்கள். போகலாமா என்று டிரைவர் கேட்டதற்குக் கண்டக்டர் புருவத்தைத் தூக்கிவிட்டு டபுள் பெல் கொடுத்தார். எத்தனை வருஷமாக பஸ்ஸில் போகிறேன், முன்பின் தெரியாதவர்கள் இப்படி ஒன்றாகச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

வெயிட்டிங் ஷெட்டில் அப்படி என்ன கண்டீர் என்று எல்லோரும் கேட்டார்கள். கட்டிக்கொடுத்த அரசியல்வாதியின் படம் கட்டிடத்தைவிடப் பெரிதாக, அதற்குக் கீழே ஓட்டைக் கூரை, ஒரு கிழவர் வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஊரிலும் அச்சாக இதேதான், பெயர்கூட வெயிட்டிங் ஷெட்தான் என்றார் அவர். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் பஸ் முழுக்க ஆமோதித்தது. எந்தக் கட்சி என்று கேட்டு யாரும் சண்டைக்கு வராதது கேரளத்தில் பெரிய அதிசயம். சேச்சி சொன்னார்: "எங்க கரையிலயும் ஒரு ஷெட் உண்டு. கடல் வந்து என் வீட்டக் கொண்டு போச்சு. அந்தாளு படத்த மட்டும் தொடல."

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் சேச்சியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அதே சிரிப்போடு கேட்டார்: "ஒரு உதட்டுக்காக எல்லோரும் சேர்ந்து என்னை ஒரு நிமிஷத்தில் பிடித்துவிட்டீர்கள். படத்தில் இருப்பவரை இப்படி யாராவது நிறுத்திக் கேட்டிருக்கிறீர்களா? எங்கள் ஊரிலும் அப்படித்தான், ஷேர் ஜீப்பில் பர்ஸ் திருடினவனை அடிப்போம், ரோட்டைத் தின்றவருக்கு மாலை போடுவோம்."

நான் தமிழும் மலையாளமும் கலந்து சொல்லி முடித்ததும் சிரிப்பு எழுந்து, பாதியிலேயே அடங்கிவிட்டது. கண்டக்டர் மட்டும், பாயிண்டைப் பிடித்துவிட்டான் என்று முணுமுணுத்தார்.

துறைமுகத்துக்கு ரோடு பிரிகிற இடத்தில் அவர் இறங்கியபோது சேச்சியும் கூடவே இறங்கினார். அவருடைய ஸ்டாப் அது இல்லை. தனியாக விட்டால் வழி கேட்டு இன்னொருத்தியிடம் அடி வாங்குவான், துறைமுக கேட் வரைக்கும் கொண்டு விட்டுவிட்டு வருகிறேன் என்றார். "மக்களே, இனி கைய நீட்டிக் காட்டணும், கேட்டியா?" என்று பெற்ற பிள்ளையிடம் சொல்வது போல சேச்சி சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது. மறுநாள் அதே சேச்சியை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஆள் நேரத்துக்குக் கப்பல் ஏறிவிட்டான் என்று, தன் மகனே பரீட்சையில் பாஸானது போலச் சொன்னார். எனக்கும் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

தேர்தல் முடிந்து புது கவுன்சிலர் கூட்டிய வார்டு சபைக்கு நான் முதல்முறையாகப் போனேன். மழை பெய்தால் ஓடைத் தண்ணீர் எங்கள் தெருவில் வீட்டுக்குள் வருவதைப் பற்றி எழுந்து கேட்டேன். பார்க்கலாம் என்றார். எப்போது என்று கேட்டேன். எனக்குப் பின்னால் இன்னும் மூன்று பெண்கள் எழுந்து நின்றார்கள். அடுத்த வாரமே ஆட்கள் வந்து அடைப்பை எடுத்தார்கள். கண்டக்டரோடும் பக்கத்து சீட்டுக்காரரோடும் சண்டை போட எனக்கு எப்போதுமே தெம்பு இருந்திருக்கிறது, அந்தத் தெம்பை யாரிடம் காட்ட வேண்டும் என்பதைத்தான் எங்கிருந்தோ வந்த ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிப் போனார்.