பேரில்லாத நோவு

ஜெர்மன் சண்டை முடிந்த வருஷம், ஐப்பசி மாதம். அம்பத்தூர் ஏரிக்குக் கீழே எங்களுக்குக் கழனி. நான் கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊரெல்லாம் விஷக்காய்ச்சல். இன்று பாடை தூக்கிப் போனவர் நாளைக்குப் படுத்துவிடுவார். எங்கள் வீட்டில் எனக்கும் என் ஓரகத்திக்கும், அதாவது என் கணவரின் அண்ணன் மனைவிக்கும், ஒரே வாரத்தில் கண்டது. இரண்டு பேரும் பிழைத்தோம். எங்களுக்குத் தலைக்குத் தண்ணீர் விட்ட அன்று மாமியார் கற்பூரம் ஏற்றி அழுதார்.

காய்ச்சல் விட்டதே தவிர, என் உடம்பு பழையபடி ஆகவில்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். உலை வைத்துவிட்டு, எதற்கு வைத்தேன் என்று தெரியாமல் நிற்பேன். ஒரு நாள் தெம்பாக இருக்கிறதே என்று வேலை செய்தால், அடுத்த நாள் பாயைவிட்டு எழ முடியாது.

வைத்தியர் வாதம் என்றார். பூசாரி காத்து கருப்பு என்று வேப்பிலை அடித்தார். வண்டி கட்டிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போய் ஒரு டாக்டரிடம் காட்டினோம். நாக்கு, நாடி, நெஞ்சு எல்லாம் பார்த்துவிட்டு, "நோவு ஒண்ணும் தெரியலியேம்மா" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் மாமியார் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு. பெரியவளுந்தான் படுத்தா, எழுந்து வேலைக்குப் போவல? இவளுக்கு மட்டும் இன்னா கேடு?"

ஆடி மாதம் ஒரு மத்தியானம், கழனிக்குக் கூழ் எடுத்துப் போனேன். பெரியவள் ஏரிக்கரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடெல்லாம் நீலம். பக்கத்தில் புல்லுக்கட்டு. அவளைத் தூக்கிவிடக் குனிந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் அப்டித்தான் கீது."

"இன்னாக்கா சொல்றே?"

"உனக்கு எப்டி கீதோ, அப்டியே. வாயத் தொறந்தா உன்னச் சொல்ற மாதிரி என்னையும் சொல்வாங்க. காய்ச்சல்னா தொட்டுப் பாக்கச் சொல்லலாம். புண்ணுன்னா அவுத்துக் காட்டலாம். இத இன்னான்னு காட்றது?"

அன்றைக்கே என் கணவரிடம் சொன்னேன். அவர் அண்ணனிடம் சொன்னார். "ரெண்டு பேரும் பேசி வச்சிக்கினு நடிக்கிறாளுங்க" என்று அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆவணியில் நடவு. பெண்களோடு வரிசையில் நின்று நட்டுக்கொண்டிருந்த பெரியவள், நாற்று முடி வாங்க நிமிர்ந்தாள். அப்படியே சேற்றில் குப்புற விழுந்தாள். தூக்கி வரப்பில் போடும்போது மூச்சு இல்லை.

சாவு விவரம் கேட்க மணியக்காரர் வந்தார். காலராவா என்றார். இல்லை. பூச்சி பொட்டு கடித்ததா? இல்லை. காய்ச்சல்? அதுவும் இல்லை. அப்படியானால் வேறென்ன என்று அவள் புருஷனைக் கேட்டார். ஆம்பிளைகள் முன்னால் வாய் திறக்காத நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "விஷக்காய்ச்சலுங்க" என்றேன்.

"அது போன ஐப்பசிலேயே விட்டுப்போச்சேம்மா."

"விட்டுப் போவலீங்க. அவ உடம்புலயும் இருந்திச்சு, என் உடம்புலயும் கீது. பேருதான் தெரியல."

"பேரு தெரியாததை நான் இன்னான்னு சொல்றது?" என்றார் மணியக்காரர். திடீர் சாவு என்று எழுதிக்கொண்டு எழுந்து போனார்.

காரியம் முடிந்த மறுநாள் நான் குடத்தை எடுத்தேன். மாமியார் என் இடுப்பிலிருந்து அதை வாங்கிக்கொண்டு கிணற்றுக்கு நடந்தார். அதற்குப் பிறகு என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் தேற இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது "இன்னான்னு தெரியல, முடியல" என்றால் நான் எதுவும் கேட்பதில்லை, பாயை விரித்துவிடுகிறேன். ஆனாலும், என் நோவை வீட்டார் நம்புவதற்கு அவள் சாக வேண்டியிருந்ததே என்பது மட்டும் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.