பீப் என்று சொல்லிவிட்டு அணைந்த பெட்டி

கெட்டுப்போன சாமானைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. தையல் மெஷினின் மோட்டாரைக் கழற்றி மாட்டுவேன். மிக்ஸி நின்றால் அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனை அமுக்கிப் பார்க்காமல் யாரையும் கூப்பிட மாட்டேன். வடக்கனந்தலில் எங்கள் தெருப் பெண்கள் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வரும்போதே, நின்றுபோன டேபிள் ஃபேனையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்ட என்னை, டிவியில் வீடியோ கேம் ஆடுகிற ஒரு விளையாட்டுப் பெட்டி படுத்திய பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

பெட்டி என் தம்பியுடையது. அவன் சென்னையில் வேலை பார்க்கிறான். புதிதாக ஒன்று வாங்கியதும் பழையதை எங்கள் வீட்டு டிவியில் மாட்டிவிட்டுப் போனான். எனக்காக இல்லை, என் வீட்டுக்காரருக்காக. அவர் டிராக்டர் டிரைவர். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லோடு இறக்கிக்கொண்டு வரும்போது ஒரு வளைவில் வண்டி சாய்ந்து, வலது கை அடியில் மாட்டிக்கொண்டது. ஆபரேஷன் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தார். ஆனால் கை வரவில்லை. உடம்போடு இருந்தது, அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நரம்பு கூடிடுச்சும்மா. எங்க வேலை முடிஞ்சிடுச்சு. இனிமே அவரா அசைச்சாத்தான். இப்படியே மடியில வெச்சிக்கினு இருந்தாருன்னா இறுகிப்போயிடும், அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அமுக்கிப் பழகச் சொல்லி ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார். பந்து வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் போனது. அந்த மனுஷன் கையின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பாடு, பீடி, செல்போன் எல்லாம் இடது கைதான். "வலிக்குதா?" என்றால் இல்லை. "பின்ன இன்னா?" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தத் துண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். சொல்லப்போனால் பயம். வாய் அதைக் கோபமாகத்தான் வெளியே விடும்.

விளையாட்டுப் பெட்டி வந்த பிறகுதான் துண்டு கொஞ்சம் நகர்ந்தது. அதில் ஒரு லாரி ஓட்டும் ஆட்டம் இருந்தது. மலை ரோடு, வளைவு, மழை, லோடு எல்லாம் உண்டு. அதற்கென்று கையில் பிடிக்கிற கருவி ஒன்று. அதில் வலது ஆள்காட்டி விரலுக்கு நேராக இருப்பதுதான் ஆக்சிலேட்டர். முதலில் இடது கையாலேயே எட்டி எட்டி அமுக்கிப் பார்த்தார். லாரி பள்ளத்தில் போய் விழுந்தது. "என்னய்யா, லைசன்ஸ் வெச்சிக்கினு பொம்மை லாரியக்கூட ஓட்டத் தெரியல?" என்று சீண்டினேன். முறைத்தார். ஆனால் மறுநாள் வலது கையை மடியில் தலையணை போட்டு அதன்மேல் வைத்துக்கொண்டார். கொஞ்ச நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை, அந்த ஆள்காட்டி விரல் தானாக வளைந்து லாரியைக் கிளப்பியதை என் கண்ணால் பார்த்தேன். லேசாகத்தான் வளைந்தது. எனக்கு அது போதும். அடுப்பங்கரைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் வீடு துடைத்து, வாசற்படிக்கு மஞ்சள் பூசி, தையல் மெஷின், பீரோ, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, மேலே குங்குமம் இட்டு, சூடம் காட்டுவேன். நமக்குச் சோறு போடுகிற சாமானுக்குச் செய்யாமல் வேறு எதற்குச் செய்வது? அன்றைக்கு அந்தக் கறுப்புப் பெட்டிக்கும் பொட்டு வைத்தேன். என் புருஷன் கையைத் திருப்பித் தருகிற பெட்டி, அதற்கு இல்லாததா?

அன்று சாயங்காலம் பெட்டி வேலை செய்யவில்லை.

கருவியின் நடுவில் இருக்கும் பட்டனை அவர் வழக்கம்போல் இடது கையால் அமுக்கினார். பெட்டி "பீப்" என்றது. நீல விளக்கு வந்தது. டிவியில் ஏதோ வருகிற மாதிரி இருந்தது, மறுபடி "பீப்", அணைந்துவிட்டது. திரும்ப அமுக்கினால் திரும்பவும் அதே கதை. சில சமயம் யாரும் தொடாமலே தானாக "பீப்" என்று எழுந்து உட்காரும், பிறகு படுத்துக்கொள்ளும்.

"வுடு, அதுக்கும் ஆயுசு முடிஞ்சிபோச்சி" என்றார் வீட்டுக்காரர். துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டார்.

அந்த "அதுக்கும்" என்கிற வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. இதை ஓடவைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருகினேன். வயரை மாற்றிப் பார்த்தேன். தையல் மெஷினுக்கு வைத்திருக்கும் பிரஷால் பின்பக்கத் தூசியைத் தட்டினேன். தம்பிக்குப் போன் போட்டேன். "அக்கா, கரண்ட்ட ஆஃப் பண்ணிட்டு கொஞ்ச நேரம் அப்படியே வுடு, அப்புறம் போடு" என்றான். விட்டேன், போட்டேன். பீப், நீலம், பீப், இருட்டு. "அப்போ உள்ள பவர் சப்ளை போயிருக்கும்க்கா, கடையில காட்டு" என்று சொல்லிவிட்டான்.

பெட்டியையும் கருவியையும் பழைய புடவையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, டவுன் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை. கடைக்காரர் பெட்டியைக் கையில் வாங்கியதும் பஞ்சில் ஏதோ மருந்தைத் தொட்டு எல்லாப் பக்கமும் துடைத்தார். நான் வைத்த பொட்டும் போயிற்று. எனக்கு முகம் சுருங்கியது, ஆனாலும் காரியம் ஆகணுமே என்று வாயை மூடிக்கொண்டேன். பிளக்கைச் சொருகிக் கருவியை அமுக்கினார். பீப். நீல விளக்கு. அப்படியே நின்றது! கடையில் இருந்த டிவியில் லாரி ஆட்டமும் வந்தது.

"நல்லாத்தானே ஓடுது. இன்னாக்கா பிரச்சினை?" என்றார்.

"வூட்ல ஓடலிங்களே!"

"உங்க ஏரியால வோல்டேஜ் கம்மியா இருக்கும். பெட்டியில ஒரு கோளாறும் இல்ல, எடுத்துனு போங்க."

வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தேன். கை கால் கழுவி, சந்தனம் குழைத்து, நல்லபடியாக ஓடணும் சாமி என்று பெட்டிக்குப் பொட்டு வைத்து, சூடம் சுற்றி இறக்கினேன். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "அமுக்குங்க."

பீப், நீலம், பீப், இருட்டு.

அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சரி, வோல்டேஜ்தானே, அதை ஒரு கை பார்க்கிறேன் என்று கிளம்பினேன். எங்கள் வீட்டைச் சுற்றிக் கரும்பும் நெல்லும்தான். வயல் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடினால் வீட்டு டியூப்லைட் மினுக் மினுக் என்று கண்ணடிக்கும். மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்துப் போட்டேன். ஓடவில்லை. ஃபிரிட்ஜுக்கு இருந்த ஸ்டெபிலைசரைப் பிடுங்கி இதற்குக் கொடுத்தேன். பால் திரிந்ததுதான் மிச்சம். எதிர்வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. பெட்டியையும் கருவியையும் தூக்கிக்கொண்டு அங்கே போய், அவர்கள் டிவியில் மாட்டிப் போட்டேன். அங்கேயும் பீப், பீப், இருட்டு.

எதிர்வீட்டு அக்கா பெட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் இல்லடி. உன் வூட்டுக்காரரு விரலு அசைஞ்சிச்சின்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சியே, அதான் கண்ணு பட்டுப்போச்சி" என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்ததும் அவரையும் பெட்டியையும் சேர்த்து உட்காரவைத்து மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டேன். பழைய பொட்டின்மேலேயே இன்னும் கொஞ்சம் பெரிதாகச் சந்தனத்தை அப்பினேன். "என்ன நடக்குது இங்க? எனக்கு சுத்துறியா, பொட்டிக்கு சுத்துறியா?" என்றார். ரொம்ப நாள் கழித்து அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். "ரெண்டும் ஒண்ணுதான், சும்மா உக்காருங்க" என்றேன்.

பெட்டி பழையபடியே படுத்துக்கொண்டது.

மறுபடி கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிப்போனேன். கடைக்காரர் பஞ்சால் துடைத்தார், போட்டார், ஓடியது. நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். "இங்க ஓடுறது அங்க ஏன் ஓடல? நான் இன்னா இங்கயே வந்து குடியிருக்கணுமா?" கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், அவர் என்ன செய்வார். "அக்கா, பெட்டி நல்லா இருக்குது. கோளாறு உங்க வூட்லதான் இருக்குது" என்றார். பஸ்ஸில் வரும்போது அந்தப் பேச்சையே போட்டு உருட்டிக்கொண்டு வந்தேன். அங்கே இல்லாதது எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? பிடிபடவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பவும் காட்டப் போகிற நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வளைந்த விரல் மறுபடி விறைப்பாக நிற்பதைத் துண்டுக்கு மேலாகவே என்னால் பார்க்க முடிந்தது.

வீட்டுக்கு வந்தேன், பொட்டு வைத்தேன், போட்டேன், அணைந்தது. அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தது. தம்பிக்கு வீடியோ கால் போட்டேன். "டேய், நீயே உன் கண்ணால பாரு, இது இன்னா கூத்துன்னு!" போனை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "நேராப் புடிங்க, ஆடாம" என்றேன். இடது கையால் பிடித்துக்கொண்டார். நான் பிளக்கைப் பிடுங்காமலே பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, வயர் எல்லாம் தொங்க, போனுக்கு நேராக இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினேன். பின்பக்கம் காட்டினேன், அடிப்பக்கம் காட்டினேன்.

"முன்பக்கம் காட்டுக்கா" என்றான். காட்டினேன்.

போனில் அவன் முகம் பெரிதாகக் கிட்டே வந்தது.

"அக்கா, இன்னாக்கா அது நடுவுல, மஞ்சளா செவப்பா?"

"கண்ணு தெரியலியா உனக்கு? பொட்டுடா."

"அங்க எதுக்குக்கா வெச்ச?"

"பின்ன எங்க வெப்பாங்க? முன்னால, நெத்தி மாதிரி ஒரு கோடு போகுது, அங்கதான் நல்லா இருந்திச்சி."

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். நிஜமாகவே, போனுக்குள் பட்டென்று கேட்டது. "அக்கா! அதுதான்க்கா ஸ்விட்சு! அமுக்குற ஸ்விட்சு இல்ல, விரலால தொட்டாலே போதும். ஈரம் பட்டா விரலுன்னு நெனச்சிக்கும். உன் சந்தனம் ஓயாம அதத் தொட்டுக்கினே இருக்குது, அது போட்டுப் போட்டு அணைக்குது!"

எனக்குக் காது ஜிவ்வென்று ஆனது. கருவியில்தானே எப்போதும் போடுகிறோம், பெட்டியிலும் ஒரு ஸ்விட்ச் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நல்லது ஆகணும் என்று நான் ஆசை ஆசையாக வைத்த பொட்டுதான் நல்லதைக் கெடுத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் துடைத்தபோதெல்லாம் ஓடியிருக்கிறது. நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து கொண்டுவந்து அணைத்திருக்கிறேன்.

தம்பி போனுக்குள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். "சிரிச்சது போதும், இப்போ இன்னா பண்ணணும்?" என்று கேட்டேன்.

"இன்னா பண்றது, மொதல்ல அத தொடைங்க!"

பெட்டியைக் கீழே வைக்க இடம் தேடினேன். வயர் காலில் சிக்கிக்கொண்டது. "ஊர்ல இல்லாத பொட்டு வெக்கிறா பாரு, பொட்டு! பஸ்ஸு பஸ்ஸா ஏறி அலைஞ்சா பாரு!" என்று வீட்டுக்காரர் என் பக்கத்திலேயே பொரிந்துகொண்டிருந்தார். அப்போது ஒரு கை வந்து, கட்டைவிரலால் அந்தப் பொட்டை ஒரே இழுப்பாக இழுத்துத் துடைத்தது.

போன் ஆடவே இல்லை. என் தம்பியின் முகம் அதில் நேராகத்தான் இருந்தது. இடது கை போனில் இருக்கிறது என்றால், இது எந்தக் கை?

துண்டு தரையில் கிடந்தது.

"யோவ்" என்றேன்.

"இன்னாடி?" என்று எரிச்சலாகக் கேட்டவர், என் கண் போன இடத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். கை அந்தரத்தில் இருந்தது. கட்டைவிரலில் சந்தனம் ஒட்டியிருந்தது. அவர் அதைக் கீழே இறக்கவில்லை.

"அக்கா, தொடச்சாச்சா? இன்னா ஆச்சு?" என்று தம்பி கத்திக்கொண்டிருந்தான். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, துடைத்துக்கொள்ளக் கை இல்லை. கோபமும் வந்தது. எத்தனை நாள், எத்தனை சண்டை! ஒரு டம்ளர் தண்ணீரை எடுக்காத கை!

"இன்னொரு வாட்டி தொடை" என்றேன்.

"அதான் போயிடுச்சே."

"போனா போவட்டும். தொடைன்றேன் இல்ல!"

பெட்டியை அவருக்குக் கிட்டே நீட்டிப் பிடித்தேன். வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு, நெற்றியெல்லாம் வேர்க்க, அந்தக் கையை அவர் மெதுவாகக் கொண்டுவந்தார். ஒன்றும் இல்லாத கறுப்புக் கோட்டின்மேல் கட்டைவிரல் போய்ப் பட்டது.

பெட்டி "பீப்" என்றது.

"இன்னொரு வாட்டி" என்றேன்.