உச்சந்தலையில் இரண்டு கடல்கள்

கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டியதும் கத்தரிக்கோலை எடுக்க மாட்டார். முதலில் இரண்டு உள்ளங்கைகளாலும் தலையை ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார். "பின்னால ஒரு பீடபூமி இருக்குண்ணே. பத்திரமாப் பார்த்துக்கோங்க!"

முடிதிருத்துகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் 'பூகோளம்'. இதுவரை அவர் வெட்டித் தள்ளிய முடியையெல்லாம் ஒரே இடத்தில் குவித்திருந்தால், மேகம் அதில் முட்டிக்கொண்டு மழையாய்க் கொட்டியிருக்கும், சத்தியமான பேச்சு. கடையில் நடிகர் படம் தொங்கிய ஆணியில் இப்போது உலக வரைபடம் தொங்குகிறது. பாதியில் படிப்பை விட்டவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்ததிலிருந்து இந்தக் கிறுக்கு.

கடையின் மறுபாதியில் தையல் மெஷின் ஓட்டும் மனைவி விடுவாளா? "தலையைப் பிடிச்சா சோறு. உலகத்தைப் பிடிச்சுக்கிட்டு என்னங்க பண்ணப் போறீங்க?"

"பிடிக்கலடி. சும்மா தொட்டுப் பார்க்குறேன்."

ஆறு மலையைத் தேய்த்துப் பள்ளத்தாக்கு ஆக்குகிறது என்று வகுப்பில் கேட்ட அன்று மனிதர் சாப்பிடவே இல்லை. சவரக்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "தண்ணிக்கு ஏதுடி கூர்? அது மலையையே மழிக்குதாம். நான் தினம் கத்தி தீட்டுறேன்."

ஒரே ஒரு கண்டம்தான் அவருக்கு. பூசந்தி எது, நீர்ச்சந்தி எது என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. இரண்டு தேர்விலும் மாற்றி எழுதித் தோற்றார். மூன்றாவது முறையும் தோற்றால் வகுப்பில் இடம் கிடையாது. தேர்வுக்கு முதல் நாள், பாடம் நடத்தும் ஆசிரியரே முடிவெட்ட வந்து உட்கார்ந்தார்.

ஆசிரியர் இளையவர், பனைமர உயரம். நின்றுகொண்டேதான் பாடம் நடத்துவார். அந்த உச்சியை அன்றுதான் பூகோளம் மேலிருந்து பார்த்தார். முன்னால் ஒரு வழுக்கை, பின்னால் ஒரு வழுக்கை. நடுவே, இந்தக் காதுப்பக்கத்தையும் அந்தக் காதுப்பக்கத்தையும் இணைத்துக்கொண்டு விரற்கடை அகலத்தில் ஒரு முடிக்கோடு. ஆசிரியர் பிள்ளையைப் போல வளர்த்துவந்த கோடு.

"சார், அசையாதீங்க! ரெண்டு கடலு... நடுவுல ஒல்லியா நிலம்... இதுதானே பூசந்தி?"

பரவசத்தில் கையிலிருந்த முடிவெட்டும் மெஷின் தன்பாட்டுக்கு இறங்கியது. ஒரே ஒரு 'உர்'. கோட்டின் நடுப்பகுதியைக் காணோம்.

தையல் மெஷின் நின்றது. ஆசிரியர் கண்ணாடியைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணே, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"நிலம் போச்சு சார்."

"ஐயையோ, மன்னிப்புக் கேளுங்க!" என்றாள் மனைவி.

ஆசிரியர் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். "அப்ப அங்க இப்ப என்ன இருக்கு?"

பூகோளத்தின் விரல் முன் வழுக்கையில் புறப்பட்டு, குறுகலான அந்த வழவழப்பில் நுழைந்து, தடையே இல்லாமல் பின் வழுக்கையில் போய் இறங்கியது. "இந்தக் கடலும் அந்தக் கடலும்... ஒடுக்கமா ஒரு தண்ணி வழியாச் சேர்ந்துடுச்சு. சார், நீர்ச்சந்தி! இதுதான் சார் நீர்ச்சந்தி!"

"நாளைக்கு மாத்தி எழுதிடாதீங்க. மறுபடி விளக்க என்கிட்ட நிலம் பாக்கியில்ல."

சொல்லிவிட்டு ஆசிரியர் கண்களை மூடி, தலையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தார்.